விற்றலும் விலைபோதலும்

பாடுவோனுக்கும் பசி உண்டு. இதனை மறந்து கலையின் தூய்மையை மட்டும் பேசுவார் சிலர். பாட்டும் ஒரு சரக்கே, விலை கொடுப்பார் உளராயின் விற்க வேண்டுவதே என்பார் வேறு சிலர். இவ்விரு திறத்தாரும் நெடுநாளாக வழக்கிட்டு வரும் களங்களுள் ஒன்று ராக் என்னும் மேனாட்டு இசை. அவ்விசையைப் பாடும் குழுவினர் பெரிய வாணிக நிறுவனங்களோடு உறவு பூண்டு, அவற்றின் பொருளைப் பெற்றுக்கொண்டு, தம் பாட்டை அவற்றின் விளம்பரத்திற்குத் தருவாராயின், அவர் தம்மையே விற்றவர் ஆவரோ என்பது வழக்கு. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நிகழ்ந்து வரும் இவ்வழக்கு நமக்கு முற்றிலும் புறம்பானதன்று. அப்பாட்டுக்களைக் கேட்டு இன்புறுவோர் நம் விடுதிகளிலும் உளர். இவ்வினாவைக் குறித்துத் தம்முள் சினந்து வாதிடுதலும் உண்டு. ஆதலின் இருபுறத்து நியாயங்களையும் சீர்தூக்கிப் பார்த்து ஒரு முடிவுக்கு வருதல் நன்று.

முதற்கண் ஓர் ஐயம் எழும். திரைப்படத்திற் பாடுவார் ஒருவர் சவர்க்கார விளம்பரத்திற்கும் பாடினால் அவரை யாரும் வெகுள்வதில்லை. மேடையில் நடிப்பார் ஒருவர் தேயிலைக் கம்பெனியின் படத்தில் நகைமுகத்தோடு நின்றால் அவரை யாரும் துரோகி என்பதில்லை. ராக் இசைக்குழுவினரை மட்டும் உலகம் ஏன் இத்துணைக் கடுமையாக வினவுகின்றது? விடை எளிது. அவர்கள் ஒரு வாக்குக் கொடுத்திருக்கின்றனர். 1960-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில், வியட்நாம் போரை எதிர்த்தும், நிறவேற்றுமையை இகழ்ந்தும், செல்வர் வாழ்வின் வெறுமையை எள்ளியும் எழுந்த இளைஞர் குரலுக்கு அவ்விசை ஊதுகுழலாயிற்று. யாம் பிறர் ஏவலுக்குப் பாடோம், எம் நெஞ்சிற் பட்டதையே பாடுவோம் என்பது அவர்கள் சொல்லாமற் சொன்ன உறுதி. அதனை நம்பியே இளைஞர் அவர்களைத் தம்மவர் எனக் கொண்டனர். வாக்குக் கொடாதவனிடம் வாக்குத் தவறிய குற்றம் காண இயலாது. கொடுத்தவனிடமே காண இயலும்.

இவ்வுறுதியின் நொய்மையை அக்குழுவினர் தாமும் அறிந்திருந்தனர். த ஹூ என்னும் ஆங்கிலக் குழுவினர் 1967 டிசம்பரில் வெளியிட்ட இசைத்தட்டுக்கு, தாம் விலைபோய்விட்டதாகப் பொருள்படும்படி, த ஹூ செல் அவுட் என்றே பெயரிட்டனர். பாட்டுக்களின் இடையிடையே வானொலி விளம்பரங்களைப் போன்ற ஓசைகளை அமைத்தனர். மேலுறைப் படத்தில், அவர்களுட் பாடகராகிய ரோஜர் டால்ட்ரி, ஹைன்ஸ் கம்பெனியின் அவரை விதைகள் சாற்றோடு நிறைந்த தொட்டியொன்றில் அமர்ந்திருந்தார். இது நகைச்சுவையே. ஆயினும் அந்நகையினுள் ஓர் உண்மை இருந்தது. இசைத்தட்டும் ஒரு கம்பெனி விற்கும் பண்டமே என்பதை அவர்கள் மறைக்கவில்லை.

இவ்வுண்மையை நாமும் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். கம்பெனிகளின் துணையின்றேல் ராக் பாட்டுக்களிற் பெரும்பாலான நம் செவிக்கு எட்டியிரா. ஒலிப்பதிவுக் கூடம், இசைத்தட்டு, அதனை ஊரூராக அனுப்பும் ஏற்பாடு, அரங்கு ஆகிய எல்லாவற்றிற்கும் முதல் வேண்டும். முதல் போடுவோன் ஊதியம் நோக்கியே போடுவான். கம்பெனியோடு ஒப்பந்தம் செய்த அளவிலேயே ஒரு குழு கெட்டது என்று முடிவு கட்டுவோமாயின், அத்தீர்ப்பினின்றும் தப்புவார் மிகச் சிலரே ஆவர்.

க்ளாஷ் என்னும் குழுவின் வரலாறு இதற்கு நல்ல சான்று. ராக் இசையிற் புகுந்துவிட்ட செல்வச் செருக்கையும் ஆரவாரத்தையும் வெறுத்து எழுந்த பங்க் என்னும் கிளையைச் சார்ந்தது அது. 1977 ஜனவரியில் அக்குழு 1,00,000 பவுனுக்குச் சி.பி.எஸ். என்னும் பெருங்கம்பெனியோடு ஒப்பந்தம் செய்தது. பங்க் அன்றே இறந்தது என்று அவ்வியக்கத்துப் பத்திரிகையாசிரியர் ஒருவர் கூறினார். அதே ஆண்டில் அக்கம்பெனி, குழுவினரைக் கேளாமலே அவர்தம் பாட்டொன்றைத் தனித்தட்டாக வெளியிட்டது. குழுவினர் வாளா இருந்தாரல்லர். அச்செயலைக் கண்டித்துக் கம்ப்ளீட் கண்ட்ரோல் என்னும் பாட்டை இயற்றினர். அதனையும் அக்கம்பெனியே வெளியிட வேண்டியதாயிற்று. 1979-இல் லண்டன் காலிங் என்னும் இரட்டைத் தட்டினை ஒற்றைத் தட்டின் விலைக்கே விற்கச் செய்தனர். அடுத்த ஆண்டில், 36 பாட்டுக்கள் அடங்கிய சாண்டினிஸ்டா என்னும் மூன்று தட்டுக்களைக் குறைந்த விலைக்குத் தரும்பொருட்டுத் தமக்கு வரவேண்டிய பங்கில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தனர். கம்பெனியின் பொருளைப் பெற்றனர். கேட்போரின் பக்கத்தையோ விட்டிலர். இவர்களை விலைபோனவர் என்று கூற என் நா எழவில்லை.

ஈண்டுத் தமிழ்மொழி நமக்கு உதவுகின்றது. விற்றல் வேறு, விலைபோதல் வேறு. நெசவுத் தொழிலாளி தான் நெய்த ஆடையை விற்கின்றான்; அதனால் அவன் விலைபோகவில்லை. ஆசிரியர் ஊதியம் பெற்றுக் கற்பிக்கின்றார், அவரும் விலைபோகவில்லை. அவரே கையூட்டுப் பெற்றுக்கொண்டு, தேறாதவனைத் தேறினான் என்று எழுதிக் கொடுப்பாராயின் அப்பொழுதே விலைபோனவர் ஆகின்றார். ஏசா பசித்து வந்து கூழ் உண்டது குற்றமன்று. அக்கூழுக்கு ஈடாகத் தலைமகனுரிமையைக் கொடுத்ததே குற்றம். ஆகவே, பணம் பெற்றாரா என்று கேட்பது பயனற்ற கேள்வி. பணத்திற்கு ஈடாக எதனைக் கொடுத்தார் என்று கேட்பதே முறை. இதனை மூன்றாகப் பிரித்துக் கேட்கலாம். மறுக்கும் உரிமை இன்னும் அவர் கையில் உளதா? பாட்டின் பொருள் சிதையாது நிற்கின்றதா? கேட்போன் மதிக்கப்பட்டானா?

முதல் வினாவிற்கு டோர்ஸ் என்னும் அமெரிக்கக் குழுவின் வரலாறு விளக்கமாகும். அக்குழுவினர் நால்வர். வருவாயை நால்வரும் சமமாகப் பகிர்தல், ஒருவர் மறுப்பினும் அச்செயலைச் செய்யாது விடுதல் என்பன அவர்கள் தம்முள் வகுத்துக்கொண்ட நெறிகள். 1968-இல் ப்யூக் மோட்டார் கம்பெனி, லைட் மை ஃபயர் என்னும் அவர்தம் புகழ்பெற்ற பாட்டைத் தன் விளம்பரத்திற்கு வேண்டியது. பாடகராகிய ஜிம் மாரிசன் ஊரில் இல்லாத வேளையில் மற்ற மூவரும் இசைந்துவிட்டனர். அப்பாட்டைப் பெரும்பாலும் இயற்றியவர் மாரிசன் அல்லர். அம்மூவருள் ஒருவராகிய ராபி க்ரீகரே. ஆயினும் திரும்பி வந்த மாரிசன் பெருஞ்சினம் கொண்டார், விளம்பரம் வெளிவரவில்லை. மாரிசன் 1971-இல் இறந்தார். முப்பது ஆண்டுகள் கழிந்தபின் காடிலாக் கம்பெனி, அக்குழுவின் மற்றொரு பாட்டிற்காக 1.5 கோடி டாலர் தருவதாக முன்வந்தது. எஞ்சிய மூவருள் முரசு கொட்டுபவராகிய ஜான் டென்ஸ்மோர் மறுத்துவிட்டார். குழுவின் பெயரைப் பயன்படுத்துவது பற்றி அவர் மற்ற இருவர்மீதும் தொடுத்த வழக்கில், அவர் விளம்பரத்தை மறுத்ததையே அவர்மீது குற்றமாகச் சாட்டினர். நீதிமன்றமோ அவர் பக்கமே தீர்த்தது. வேண்டா என்னும் ஒரு சொல்லால் அத்துணைப் பெருந்தொகையைத் தள்ள அவரால் இயன்றது. அச்சொல்லைச் சொல்லும் உரிமையை இளமையிலேயே ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருந்ததனால் அன்றோ அது இயன்றது!

இதற்கு மறுதலையாகப் பீட்டில்ஸ் குழுவினர்க்கு நேர்ந்ததைக் காண்க. அவர்தம் பாட்டுக்களிற் பெரும்பாலானவற்றின் வெளியீட்டுரிமை கைமாறிச் சென்று, 1985-இல் மைக்கேல் ஜாக்சன் 4.75 கோடி டாலருக்கு வாங்கிய உரிமைத் தொகுதியோடு அவர் கையை அடைந்தது. 1987-இல் நைக்கி என்னும் காலணிக் கம்பெனி, ரெவல்யூஷன் என்னும் பாட்டைத் தன் விளம்பரத்தில் ஒலிக்கச் செய்தது. உரிமையாளரிடம் இசைவு பெற்றே அவ்வாறு செய்தது. குழுவினரின் சொந்தக் கம்பெனி வழக்குத் தொடுத்தது. 1989-இல் அஃது உடன்பாட்டில் முடிந்தது. அதற்குள் விளம்பரம் நாடெங்கும் ஓடி ஓய்ந்துவிட்டது. புரட்சி பேசுவாரோடு வாதிட்டு ஜான் லெனன் 1968-இல் எழுதிய பாட்டு, அவர் இறந்து ஏழாண்டு கழியுமுன் காலணி விற்கப் புறப்பட்டது. அப்பாட்டைப் பாடியவர்கள் காலணிக் கம்பெனிக்குத் தம்மை விற்றவர் அல்லர். தடுக்கும் ஆற்றலைப் பல்லாண்டுகளுக்கு முன்னரே இழந்துவிட்டவர். ஆதலின் விலைபோதல் விளம்பரம் வெளிவரும் நாளில்தான் நிகழ்கின்றது என்று எண்ணற்க. ஒப்பந்தத் தாளிற் கையெழுத்திடும் நாளிலேயே, ஒருவரும் அறியாமல், அது நிகழ்ந்துவிடுதலும் உண்டு.

இனி, பாட்டின் பொருள் பற்றிய வினா. க்ளாஷ் குழுவினர் கலைந்த பின்னர், அவர்தம் பாட்டொன்று 1991-இல் லீவைஸ் கால்சட்டை விளம்பரத்தில் ஒலித்து, இங்கிலாந்தின் விற்பனை வரிசையில் முதலிடம் பெற்றது. அக்குழுவினர் அவ்விடத்தைப் பெற்றது அந்த ஒருமுறையே. போகவோ இருக்கவோ என்று தடுமாறும் காதலனைப் பற்றிய எளிய பாட்டு அது. கால்சட்டையோடு சேர்ந்ததனால் அதிற் சிதைந்தது பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் 2002-இல், லண்டன் காலிங் பாட்டையே ஜாகுவார் கம்பெனியின் விலையுயர்ந்த வண்டிக்கு விளம்பரமாக்கினர். அப்பாட்டோ, வெள்ளமும் அணுவிபத்தும் பஞ்சமும் வந்து நகரை விழுங்குமோ என்று அஞ்சி எழுந்த குரல். அக்குரல் செல்வர் ஊர்திக்குக் கட்டியம் கூறலாயிற்று. ஒரே குழு, இரண்டு விளம்பரங்கள். இரண்டையும் ஒருபடியாகத் தீர்ப்பிடுதல் தகாது. முன்னதைப் பொறுக்கலாம். பின்னதைக் கேட்கும்போது நெஞ்சு கூசுகின்றது.

புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் என்பார் இதனை நன்குணர்ந்தவர். தம் குழுவினரோடு 1984-இல் அவர் வெளியிட்ட பார்ன் இன் த யு.எஸ்.ஏ. என்னும் பாட்டிற்குக் கிரைஸ்லர் மோட்டார் கம்பெனி 1.2 கோடி டாலர் தர முன்வந்தது என்பர், அவர் மறுத்துவிட்டார். பல்லவியை மட்டும் கேட்பார்க்கு அது நாட்டுப் பெருமை கூறும் பாட்டாகத் தோன்றும். முழுதும் கேட்பார்க்கோ, வியட்நாம் போரினின்று மீண்டு, வேலை கிடையாமல், தன் நாட்டாரால் மறக்கப்பட்ட ஒரு வீரனின் புலம்பலாகும். விளம்பரம் செய்வார்க்குப் பல்லவி மட்டுமே வேண்டும். மற்ற அடிகள் வேண்டா. பல்லவியை அடிகளினின்றும் அறுத்தெடுத்தல் ஓர் உடலினின்றும் தலையை அறுத்தெடுத்தல் போல்வதே. அவரே 2021-இல் ஜீப் வண்டி விளம்பரத்திற் தோன்றினாரே என்று நகுவாரும் உளர். தோன்றியது உண்மை, ஆயின் அப்போர்வீரனின் புலம்பலை அவர் அங்குக் கொண்டு சென்றிலர்.

மூன்றாவது வினா கேட்போனைப் பற்றியது. அயர்லாந்து நாட்டு யூ டூ குழுவினர் 2014 செப்டம்பர் 9-ஆம் நாள், தம் புதிய பாட்டுத் தொகுதியை ஐபோன் செய்து விற்கும் ஆப்பிள் கம்பெனியின் வாயிலாக ஏறத்தாழ 50 கோடிப் பேர்க்கு இலவசமாக வழங்கினர். வழங்கினர் என்பதினும், கேளாமலே அவரவர் கணக்கிற் கொண்டுவந்து வைத்தனர் என்பதே பொருந்தும். இலவசமாகப் பெற்றவர் மகிழ்ந்திருத்தல் வேண்டும் அன்றோ? பலர் வெகுண்டனர். ஒரு வாரத்திற்குள், அத்தொகுதியை நீக்குவதற்கென்றே ஒரு வழியைக் கம்பெனி அமைத்துத்தர நேர்ந்தது. அடுத்த மாதம் பாடகர் போனோ மன்னிப்பு வேண்டினார். பூட்டிய வீட்டினுள் புகுந்து நடுக்கூடத்தில் விருந்து படைத்துச் சென்றவனை வீட்டார் வாழ்த்துவரோ? பாட்டு நன்றோ தீதோ என்பதன்று அங்கு எழுந்த குறை. ஒரு பாட்டைத் தேடிச் சென்று கேட்பதும், வேண்டாவெனில் கேளாதிருப்பதும் கேட்போனின் உரிமை. அவ்வுரிமையைக் குழுவும் கம்பெனியும் கூடிப் பறித்துக்கொண்டன.

கம்பெனியின் பொருளைக் கொண்டே கம்பெனியை எதிர்த்த குழுவும் உண்டு. இங்கிலாந்தின் சம்பவாம்பா குழுவினர் 2002-இல் தம் பாட்டொன்றை ஜெனரல் மோட்டார்ஸ் விளம்பரத்திற்குத் தந்து, வந்த பணத்தைக் கார்ப்வாட்ச், இண்டிமீடியா என்னும் அமைப்புக்களுக்குக் கொடுத்துவிட்டனர். பெருநிறுவனங்களின் குற்றங்களை வெளிப்படுத்துவதே அவற்றின் பணி. அப்பணம் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியையே எதிர்க்கப் பயன்பட்டது. இவ்வறிவு நுட்பத்தை வியவாதார் யார்? ஆயினும் என் மனம் முற்றும் அமைதி கொள்ளவில்லை. பணம் எங்குச் சென்றாலும் பாட்டு விளம்பரத்தில் ஒலித்தது. கம்பெனி விலை கொடுத்தது அவ்வொலிக்கே.

இது நிற்க. வலிமை மிக்க தடையொன்று உளது. நீர் மாணவர், உண்டு உறங்கிப் பேசுகின்றீர். வாடகை கொடுக்க வழியற்ற இசைக்குழு என் செய்யும் என்று வினவலாம். வினா நேர்மையானதே. அமெரிக்காவில் ஒலிப்பதிவு விற்பனையின் வருவாய் 1999-இல் 1,460 கோடி டாலர். 2014-இல் அது 700 கோடிக்கும் குறைந்துவிட்டது. இணையத்தின் வழியாகக் கேட்கும் முறை பரவியபின் மொத்த வருவாய் மீண்டும் உயர்ந்தது உண்மையே. ஆயினும் ஒருமுறை கேட்பதற்கு வழங்கப்படுவது ஒரு சென்ட்டிலும் குறைவு. பல்லாயிரவர் கேட்டாலன்றி ஒருவேளைச் சோற்றிற்கும் காணாது. இந்நிலையில் ஓர் இளங்குழு தன் பாட்டொன்றை விளம்பரத்திற்குத் தந்து அடுத்த தொகுதியைப் பதிவு செய்யுமாயின் அதன்மேற் கல்லெறிய நான் துணியேன். வாடகைக்கு இல்லாதார் ஒரு பாட்டைத் தருதலும், கோடி படைத்தார் மேலுமொரு கோடி வேண்டித் தருதலும் ஒன்றாகா. பிந்தியவரிடமே நம் கேள்வி கடுமையாக இருத்தல் வேண்டும்.

ஆயினும் வறியார்க்கு வேறு வழியே இல்லை என்பதையும் நான் ஒப்புக்கொள்ளேன். வாஷிங்டன் நகரில் 1987-இல் தோன்றிய ஃபுகாசி என்னும் குழுவினர், தம்முள் ஒருவராகிய இயன் மக்கே நண்பரோடு கூடி நடத்திவந்த டிஸ்கார்ட் என்னும் சிறு கம்பெனியின் வழியாகவே தம் இசைத்தட்டுக்களை வெளியிட்டனர். தம் அரங்கிற்கு நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் 5 டாலர் அளவிலேயே நிற்கும்படி பார்த்துக்கொண்டனர். சிறுவரும் உள்ளே வரலாம் என்று விதித்தனர். பெருஞ்செல்வர் ஆகவில்லை, ஆனால் எவர் முன்னும் கைகட்டி நிற்கவும் இல்லை. செலவைச் சுருக்குதலும் உரிமையைக் காக்கும் ஒரு வழி என்பதை அவர்கள் காட்டினர்.

தனித்து நின்று மறுத்தல் அரிதாயின் கூடி நின்று மறுக்கலாம். டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் ஆண்டுதோறும் நிகழும் சவுத் பை சவுத்வெஸ்ட் என்னும் விழா, பெயர் பெறாத இளங்குழுக்களுக்குப் பெரிய வாயில். 2024-ஆம் ஆண்டு விழாவிற்குப் பொருளுதவி செய்தோருள் அமெரிக்கத் தரைப்படையும் படைக்கலக் கம்பெனிகளும் இருந்தன. காசாவில் நிகழ்ந்த போரை முன்னிட்டு, அதனைப் பொறாமல் 80-க்கு மேற்பட்ட கலைஞரும் குழுவினரும் விழாவினின்று விலகினர். அவர்களிற் பலர் செல்வரல்லர். அம்மேடை கிடைத்தலையே பேறாகக் கருதத்தக்க நிலையினர். அடுத்த ஆண்டு விழாவில் தரைப்படையும் படைக்கலக் கம்பெனிகளும் பொருளுதவி செய்வோராக இரா என்று ஜூன் மாதத்தில் விழாவினர் அறிவித்தனர். மறுப்புக்குப் பயனில்லை என்பார் இதனை நினைவு கூர்க.

ஆகவே, பெருநிறுவனங்களோடு உறவு பூண்ட அளவிலேயே ராக் குழுவினர் விலைபோனவர் ஆகார் என்பதும், எவ்வகை உறவும் குற்றமற்றதே என்பது பொய் என்பதும் பெறப்படும். பொருள் வாங்கிய பின்னரும் வேண்டா என்று சொல்ல வல்லவர், தம் பாட்டின் பொருளைத் திரிக்க ஒவ்வாதவர், தம்மைக் கேட்போரைக் கம்பெனியின் கையிற் கணக்காக ஒப்படையாதவர் எவரோ அவர் விற்றவரே, விலைபோனவர் அல்லர்.

மாணவத் தோழர்காள்! இவ்வினா பாடகரோடு நின்றுவிடுவதன்று. நம்மிற் பெரும்பாலோர் பட்டம் பெற்ற மறுநாளே ஏதேனும் ஒரு நிறுவனத்தின் வாயிலில் நிற்கப் போகின்றோம். பள்ளியோ, பத்திரிகையோ, கம்பெனியோ, நம் உழைப்பை விற்றே வாழவேண்டும், அதில் இழிவில்லை. நாம் நடத்தும் கல்லூரி விழாக்களிலும் மேடைக்குப் பின்னே கம்பெனிகளின் பெயர் தொங்குதலை இன்று காண்கின்றோம். பொருள் தந்தவர் பெயரை எழுதுதல் நன்றியே. ஆனால் அவர் விரும்பாத நாடகத்தை மேடையேற்றலாகாது, அவர் விரும்பாத பொருளில் சொற்போர் நிகழ்த்தலாகாது என்று ஒரு நாள் சொல்வாராயின், அன்று நாம் என்ன விடை இறுப்போம்? அவ்விடையை விழாவிற்கு முன்னரே, பணத்தைக் கைநீட்டி வாங்குமுன்னரே, நமக்குள் முடிவு செய்து வைத்துக்கொள்ளுதல் வேண்டும். டோர்ஸ் குழுவின் நால்வரும் தம் இளமையிற் செய்தது அதுவே. நாமும் அதனைச் செய்யக் கடவோம்.